யிஸ்கோர் வேளையில் அந்தக் குழந்தையை வெளியே அனுப்பாதீர்கள்

அமெரிக்க யூத ஜெப ஆலயங்களின் நிர்வாகக் குழுக்களுக்கும், ராபிகள் என்னும் மதகுருக்களுக்கும், யூதப் பள்ளிகளின் முதல்வர்களுக்கும்,

பெரும்பண்டிகைக் காலத்தை ஒட்டி ஒரு ஜெப ஆலயம் தன் உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதில் இரண்டு விதிகள். யிஸ்கோர் என்னும் இறந்தவர் நினைவுத் தொழுகை தொடங்குமுன் 13 வயதுக்குக் குறைந்த எல்லாரும் சிறுவர் அறைக்குப் போய்விட வேண்டும். துக்கக்காரர்கள் இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் வேண்டுதலைச் சொல்ல எழுந்து நிற்பவர்கள் பெரியவர்களாக இருக்க வேண்டும். சிறுவர்களுக்கு அந்தக் கடமை இல்லை என்பதால் அவர்கள் உட்கார்ந்திருந்தால் போதும். இது ஓர் ஆலயத்தில் மட்டும் நடப்பது என்றால் அந்த நிர்வாகத்துக்குத் தனியாக எழுதியிருப்போம். விதியாக எழுதாமலே வழக்கமாகப் பல இடங்களில் இதுதான் நடக்கிறது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறோம். பொதுவில் எழுதுவதால் உங்களுக்குத் தெரிந்தவற்றையும் விளக்கிச் சொல்கிறோம்.

அந்தச் சுற்றறிக்கை சொல்லும் சட்டம் சரிதான். பெண்பிள்ளைக்கு 12 வயதும் ஆண்பிள்ளைக்கு 13 வயதும் நிறையும்வரை துக்க விதிகள் அவர்களைக் கட்டா. ஏழு நாள் ஷிவா, முப்பது நாள் ஷ்லோஷிம், தாய் தந்தைக்கு மட்டும் உரிய பன்னிரண்டு மாதத் துக்கம், பதினொரு மாதக் கதீஷ், எதுவும் கடமை இல்லை. ஆனால் கடமை இல்லை என்பதை இடமே இல்லை என்று நீங்கள் நடைமுறைப்படுத்துகிறீர்கள். இதற்கு மரபில் ஆதாரம் கிடையாது. நேர்மாறான ஆதாரம்தான் இருக்கிறது.

உறவை இழந்த சிறுவனுக்கும் துக்க அடையாளமாக உடையைக் கிழித்துவிட வேண்டும் என்று தல்மூத் என்னும் பழைய யூதச் சட்ட நூலின் மோயெத் கட்டான் பகுதி சொல்கிறது. 1565-இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் ஆருஹ் என்னும் சட்டத் தொகுப்பு அதையே சட்டமாக்கியது. கதீஷின் வரலாறு இன்னும் தெளிவானது. ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரை யூதச் சமூகங்களில், தந்தையை இழந்த பெரிய மகன் சபையின் முன் நின்று தொழுகை நடத்தினான். சிறுவனுக்கு அந்தத் தகுதி இல்லை. அவனும் தந்தைக்கு ஏதேனும் செய்யட்டும் என்று தொழுகையின் முடிவில் ஒரு கதீஷை அவனுக்காக ஒதுக்கினார்கள். 13-ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் ராபி இட்ஸ்ஹாக் பென் மோஷே, தொழுகை முடிந்ததும் தந்தையற்ற பிள்ளை எழுந்து கதீஷ் சொல்வதைத் தம் ஊர் வழக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். பெரியவர்கள் எல்லாரும் சொல்லத் தொடங்கியது பிறகுதான். குழந்தைக்கென்று கொடுக்கப்பட்ட வழிபாட்டிலிருந்து குழந்தையையே உட்காரச் சொல்வது எப்படி நியாயமாகும்?

யிஸ்கோர் ஆண்டுக்கு நான்கு முறை, பண்டிகை நாட்களில் வருகிறது: யோம் கிப்பூர், ஷெமினி அட்செரெத், பஸ்காவின் கடைசி நாள், ஷாவுவோத்தின் இரண்டாம் நாள். பெற்றோர் உயிரோடு இருப்பவர்கள் அப்போது வெளியே போய்விடுவது பல சபைகளின் பழக்கம். இதில் குழந்தை இரண்டு விதமாகப் புண்படுகிறது. எல்லாச் சிறுவரையும் வெளியேற்றும் இடத்தில், உள்ளே இருக்க முழு உரிமையுள்ள ஒரே குழந்தை விளையாட்டு அறையில் உட்கார வைக்கப்படுகிறது. உள்ளே தன் அம்மாவின் பெயர் நினைக்கப்படுவது அதற்குத் தெரியும். இந்த விதி இல்லாத இடத்திலோ, கூட விளையாடியவர்கள் எல்லாரும் எழுந்து போக, தான் மட்டும் முதியவர்கள் நடுவே தங்குகிறது. வாசலை நோக்கிப் போகிற அத்தனை பேரும் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே குடும்பத்திடம் கேளுங்கள், குழந்தையிடமும் கேளுங்கள். இருக்க விரும்பினால் அதற்குப் பிடித்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்காரட்டும். விரும்பாவிட்டால் வெளியேயும் ஒருவர் கூட இருக்கட்டும். இடையில் மனம் மாறினால் எழுந்து போகலாம் என்பதற்காகக் கதவோரத்தில் இடம் கொடுங்கள். முதல் ஆண்டில் யிஸ்கோர் சொல்லாத குடும்பங்களும் உண்டு; அவர்கள் வழக்கத்தை முதலிலேயே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

கதீஷில் என்ன தவறு நடக்கிறது என்றும் சொல்கிறோம். அது அரமேய மொழி. நடுவில் எட்டுப் புகழ்ச்சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, ஒரே ஓசையில் தொடங்கி. எட்டு வயதுப் பிள்ளைக்கு நாக்கு சிக்குவது அங்கேதான். பழகிப்போன பெரியவர்கள் அந்த இடத்தைத்தான் ஓட்டமாகக் கடக்கிறார்கள். குழந்தை பின்தங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டு, அடுத்த முறை எழுந்திருக்க மறுக்கிறது. அதற்கு விருப்பமில்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. கதீஷை ஐந்தாறு துண்டுகளாகப் பிரித்து, பெரிய எழுத்தில், குழந்தை வாசிக்கும் எழுத்திலேயே ஒலிபெயர்த்து அட்டையில் அச்சிடுங்கள். மெதுவாகச் சொன்ன ஒலிப்பதிவு ஒன்று கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு துண்டுக்கு மேல் கற்பிக்காதீர்கள். சபையில் ஒருவர் பக்கத்தில் நின்று அந்தக் குழந்தையின் வேகத்தில் சொல்லட்டும். மற்ற துக்கக்காரர்கள் அந்த வேகத்துக்கு இணங்க வேண்டும் என்று ராபி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடட்டும். சபை உரத்துப் பதில் சொல்கிற இடங்களில் குழந்தைக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.

கதீஷ் சொல்லப் பத்துப் பேர் வேண்டும். தூக்கத்தை விட்டு வந்த குழந்தை, ஒன்பது பேர்தான் வந்தார்கள் என்று சொல்லாமலே திரும்பிப் போனால், அப்பாவுக்காக யாரும் வரவில்லை என்றுதான் அதற்குப் படும். அந்தக் குழந்தை வரும் நாளில் பத்துப் பேரை உறுதி செய்வது ஆலயப் பொறுப்பாளரின் வேலை. முந்தின இரவே தொலைபேசியில் அழைத்துவிட வேண்டும். பள்ளி நாளில் விடியற்காலைத் தொழுகைக்குத் தினமும் இழுத்து வராதீர்கள். வாரத்தில் ஒரு நாள் போதும். யூதப் பள்ளிகளில் மதியத் தொழுகை நடக்கிறதல்லவா, அங்கேயே சொல்ல ஏற்பாடு செய்யலாம். பெண்பிள்ளை கேட்டால் அவளுக்கும் இதே ஏற்பாடு. பெண்கள் கதீஷ் சொல்வதைச் சபை ஏற்காத இடத்தில், அதை ராபி அவளுக்கு முன்னதாகவே, தனியாக, காரணத்தோடு சொல்ல வேண்டும். எழுந்து நின்றபின் பின்னாலிருந்து உட்காரச் சொல்லும் கொடுமை நடக்கக் கூடாது.

இதோடு ஒரு எச்சரிக்கை. கதீஷ் ஏன் பதினொரு மாதம் என்பதற்குப் பாவிகளின் தண்டனைக் காலம் பன்னிரண்டு மாதம் என்ற விளக்கம் உண்டு. அதை எந்தக் குழந்தையிடமும் சொல்லாதீர்கள். நீ சொல்லாவிட்டால் அப்பாவின் ஆன்மா துன்பப்படும் என்று கேட்ட பிள்ளை, ஒரு நாள் காய்ச்சலில் படுத்துத் தொழுகையைத் தவறவிட்டால் அப்பாவைத் தானே வதைத்துவிட்டதாக நம்புகிறது. சொல்வதும் நிறுத்துவதும் அதன் விருப்பம் என்று முதல் நாளே தெரிவியுங்கள்.

இனி அடக்க நாள். யூத அடக்கம் விரைவில் நடக்கும், பெரும்பாலும் மறுநாளே. அந்த அவசரத்தில் குழந்தை அடுத்த வீட்டுக்கு அனுப்பப்பட்டு, திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. வரட்டுமா என்று குழந்தையிடமே கேளுங்கள். கேட்பதற்கு முன் அங்கே நடக்கப்போவதை வரிசையாகச் சொல்லுங்கள். பெட்டி மூடியிருக்கும், முகம் பார்க்க முடியாது. ராபி சட்டையின் இடப்பக்கத்தில் கத்தரியால் ஒரு வெட்டுப் போடுவார், பிறகு கையால் கிழிப்பார்கள். தாய் தந்தைக்கு இடப்பக்கம், இதயத்தின் மேல். பிடித்தமான சட்டையை அன்று போட்டுவிடக் கூடாது, கிழியும் என்று தெரிந்த ஒன்றை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். சட்டைக்குப் பதிலாகக் கறுப்பு நாடாவைக் கிழிக்கும் சபை என்றால் அதைக் காட்டுங்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்குவார்கள், எல்லாரும் மண் தள்ளுவார்கள், மண் பலகைமேல் விழும் சத்தம் பெரிதாக இருக்கும். அந்தச் சத்தத்தைப் பற்றி முன்பே சொல்லாமல் விடுவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. முதலில் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துத் தள்ளுவார்கள், ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்காமல் மண்ணில் குத்திவைத்ததை எடுப்பார்கள் என்பதையும் சொன்னால், அங்கே தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியும். உள்ளே அப்பாவுக்கு மூச்சு முட்டுமா, குளிருமா என்று கேட்கும். உடல் நின்றுபோய்விட்டது, இனி அதற்கு வலியோ குளிரோ தெரியாது என்று நேராகச் சொல்லுங்கள். துக்கக்காரர் அல்லாத ஒரு பெரியவர் முழு நேரமும் அந்தக் குழந்தைக்கு மட்டும் பொறுப்பு; அது போகலாம் என்றதும் அவர் அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். சவத்தை நெருங்கக் கூடாத ஆசாரியக் குலமான கோஹென் குலத்துச் சிறுவனைக் கல்லறைக்குள் விடலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாய் தந்தையின் அடக்கத்துக்கு அவன் வரலாம். லேவியராகமம் 21-ஆம் அதிகாரம் அதை வெளிப்படையாக அனுமதிக்கிறது.

அடக்கத்துக்கு முன்பே, திரும்பப் பெற முடியாத ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. ஆணின் உடலை வெள்ளைச் சவத்துணி உடுத்தி, அவருடைய தாலித் என்னும் தொழுகைச் சால்வையைப் போர்த்தி, அதன் நான்கு குஞ்சங்களில் ஒன்றைச் செல்லாததாக்கி அடக்கம் செய்வது இங்கே பரவலான வழக்கம். அந்தத் தாலித் என்றாவது 13 வயது நிறையும் தன் பார் மிட்ஸ்வா விழாவில் தன் தோளுக்கு வரும் என்று பத்து வயது மகன் நினைத்திருப்பான். யாரும் அவனைக் கேட்பதில்லை. மூன்று ஆண்டு கழித்து அவன் கேட்கும்போது பதில் சொல்ல எவருக்கும் வழியில்லை. உடலைக் கழுவி ஆயத்தம் செய்யும் ஹெவ்ரா கதீஷா குழுவினர் குடும்பத்திடம் கேட்கும் கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்: பிள்ளைகள் இருக்கிறார்களா, இந்தத் தாலித்தை அவர்களுக்கு வைத்துக்கொண்டு வேறொன்றைப் போர்த்தலாமா?

ஷிவா வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், பெரியவர்களுக்கான நெறிகளை நீங்கள் நன்றாகவே கடைப்பிடிக்கிறீர்கள். துக்கக்காரர் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது அருமையான நெறி, ஆனால் ஆறு வயதுக் குழந்தை பேச்சைத் தொடங்காது. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தாளும் வண்ணக்குச்சியும் எடுத்தால் போதும், பேச்சு தானே வரும். கண்ணாடிகளை ஏன் மூடியிருக்கிறோம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பேய் என்று நினைத்து இரவில் பயப்படுகிறார்கள். அழுத குழந்தை அடுத்த நிமிடமே ஓடி விளையாடும், அது இயல்பு, கண்டிக்காதீர்கள். இனி வீட்டுக்கு நீதான் பெரியவன், அம்மாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லாதீர்கள். தூங்கிவிட்டார், போய்விட்டார், கடவுளுக்கு அவரைப் பிடித்தது என்பவையும் வேண்டாம். இறந்துவிட்டார் என்ற சொல்லே சரியானது. சாவு தற்கொலை என்றாலும் குழந்தையிடம் பொய் சொல்லக் கூடாது, வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மை போதும். வகுப்புத் தோழர்களை ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். நான்கைந்து பேராக, இருபது நிமிடம், ஆசிரியர் முன்னதாக அவர்களுக்கு விளக்கிச் சொன்ன பிறகு அனுப்புங்கள்.

முதல்வர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியவை அதிகம். ஏழு நாள் விடுப்போடு உங்கள் ஏற்பாடு முடிந்துபோகிறது. குழந்தைக்குக் கடினமான நாட்கள் பிறகுதான் வருகின்றன, அவை உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. மழலையர் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளை ஷபாத் (ஓய்வுநாள்) அம்மாவாகவும் இன்னொன்று ஷபாத் அப்பாவாகவும் நடிக்கிறார்கள். முதல் வகுப்பில் சித்தூர் விழா. தொழுகைப் புத்தகத்தைப் பெற்றோர் வந்து கையில் கொடுப்பார்கள். குடும்ப மரம் வரைதல் இருக்கிறது. தாய் தந்தையைக் கனம்பண்ணு, உன் நாட்கள் நீடித்திருக்கும் என்ற கட்டளையைப் பாடமாகப் படித்துவிட்டு, அம்மா தன் அம்மாவைக் கனம்பண்ணவில்லையா என்று கேட்கிறது குழந்தை.

எல்லாவற்றிலும் கடுமையானது யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் உனெத்தானே தோக்கெஃப். யார் வாழ்வார், யார் இறப்பார் என்று அடுக்கிச் சொல்லி, மனந்திரும்புதலும் வேண்டுதலும் தருமமும் தீர்ப்பின் கடுமையை அகற்றும் என்று முடியும் பாடல். போன ஆண்டு அப்பாவோடு அதைப் பாடிய பிள்ளை, நாங்கள் சரியாக வேண்டவில்லை, அதனால்தான் அப்பா செத்தார் என்று கணக்குப் போடுகிறது. இளம் பிள்ளைகள் தங்கள் எண்ணமும் செயலும்தான் சாவுக்குக் காரணம் என்று நம்பும் வயதில் இருக்கிறார்கள். அதைப் பாடுமுன் ஆசிரியர் அந்தக் குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும்: அப்பாவுக்கு வந்தது நோய், அது யாருடைய வேண்டுதலாலும் வந்ததில்லை, யாருடைய தவறாலும் வந்ததில்லை. ஒருமுறை சொன்னால் போதாது. குழந்தை வளர வளர இதே கேள்வியைப் புதிதாகக் கேட்கும்.

நினைவு நாளிலும் பிழைகள் நேர்கின்றன. யார்ட்சைட் என்னும் அந்த ஆண்டு நினைவு நாள் எபிரேயத் தேதிப்படி வருவது. முந்தைய மாலையில் தொடங்கி, 24 மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தியோடு கழியும். சூரியன் மறைந்தபின் நேர்ந்த சாவுக்கு எபிரேயத் தேதி அடுத்த நாளுடையது. சாதாரண எபிரேய ஆண்டு சுமார் 354 நாள் என்பதால் அடுத்த ஆண்டின் நாள் பதினொரு நாள் முன்னால் வந்துவிடும். ஆங்கிலத் தேதியைக் குறித்துவைத்த பள்ளி அதைத் தவறவிடும். 2026–27-இல் வரும் 5787 போன்ற பதின்மூன்று மாத ஆண்டில், பன்னிரண்டு மாதத் துக்கம் முடிந்த பிறகும் முதல் யார்ட்சைட் வந்திருக்காது. அந்த இடைவெளியில் துக்கம் முடிந்துவிட்டதா இல்லையா என்று குழந்தை குழம்புகிறது. சாதாரண ஆண்டின் ஆதார் மாதத்தில் நேர்ந்த சாவுக்கு, இரண்டு ஆதார் வரும் ஆண்டில் எந்த ஆதாரில் நினைவு நாள் என்பதில் வழக்கங்கள் மாறும். ராபியிடம் கேட்டு எழுதி வையுங்கள். குழந்தைக்கு ஆங்கிலத் தேதியும் வலிக்கும், ஆகவே இரண்டையும் குறியுங்கள். பத்து வயதுப் பிள்ளை பிறந்தநாள் விருந்துக்கு வரலாமா என்றால், வரலாம். துக்க ஆண்டின் விலக்குகள் அதைக் கட்டா. அழைக்காமல் விடுவதுதான் தவறு.

பணத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். போதிய காலம் வேலை செய்து சமூகப் பாதுகாப்பு வரி கட்டியவர் இறந்தால், அவருடைய பிள்ளைக்கு 18 வயதுவரை, உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால் 19 வரை, மாத உதவித்தொகை உண்டு. இறந்தவருக்குரிய அடிப்படைத் தொகையில் 75 விழுக்காடு வரை கிடைக்கும். குடும்பத்துக்கென்று மொத்த உச்சவரம்பு இருக்கிறது. தாமதமாக விண்ணப்பித்தால் அதிகபட்சம் ஆறு மாத நிலுவைதான் தருவார்கள், அதற்கு முந்தியது போனது போனதுதான். துக்கத்தில் இருக்கும் தாய்க்கு இது நினைவில் நிற்காது. ஷிவாவுக்கு உணவு கொண்டுவர அட்டவணை போடும் உங்கள் குழுவில் ஒருவர், முப்பது நாளுக்குள் அந்தத் தாயோடு தொலைபேசியில் உட்கார்ந்து விண்ணப்பத்தை முடிக்கட்டும். இறப்புச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், இருவரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் ஆகியவற்றை எடுத்துவைத்துக்கொண்டு அழைக்க வேண்டும்.

இறந்த தாயோ தந்தையோ யூதராக இல்லாத குடும்பங்கள் உங்கள் சபைகளில் ஏராளம். அந்தக் குழந்தையின் இழப்பு எந்த வகையிலும் குறைந்ததல்ல. மேலே சொன்ன அனைத்தும் அதற்கும் உரியவை.

எங்கள் கோரிக்கைகள் இவை. அந்தச் சுற்றறிக்கையின் இரண்டு விதிகளையும் திரும்பப் பெறுங்கள். அதே விதியை எழுதாமல் கடைப்பிடிக்கும் சபைகள், தாயையோ தந்தையையோ இழந்த குழந்தை யிஸ்கோரில் இருக்கலாம், கதீஷ் சொல்லலாம் என்று எழுத்தில் அறிவியுங்கள். அத்தகைய ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், ஏழு நாளுக்கு அல்ல, முதல் யார்ட்சைட் கடக்கும்வரை. மூன்றாம் மாதத்திலிருந்து உணவும் வருகையும் நின்றுபோகின்றன. அந்தப் பெரியவர் மாதம் ஒருமுறையாவது குழந்தையை நேரில் பார்க்க வேண்டும். சாப்பாட்டை வெறுத்தால், பள்ளிக்குப் போக மறுப்பது வாரக்கணக்கில் நீண்டால், அப்பாவிடம் போக வேண்டும் என்று சாவைப் பற்றிப் பேசினால், அன்றே மனநல மருத்துவரிடம் கொண்டுசேர்க்க வேண்டும்.

ஹெவ்ரா கதீஷாவின் கேள்விப் பட்டியலில் தாலித் கேள்வியைச் சேருங்கள். பள்ளிகள் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும், துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளின் இரண்டு தேதிகளையும், அவர்களைத் தொடும் பாடங்களையும் விழாக்களையும் வகுப்பாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். அடுத்த வகுப்புக்குப் போகும்போது அந்தக் குறிப்பும் கூடவே போகட்டும். இவற்றில் எதைச் செய்தீர்கள், எதைச் செய்ய மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று, பெரும்பண்டிகைகளுக்கு முந்தைய எலூல் மாதம் பிறக்குமுன் உங்கள் உறுப்பினர்கள் எல்லாரும் படிக்கும்படி பதில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தாய் தந்தையை இழந்த குழந்தைகளோடு பணிபுரியும் ஆசிரியர்களும் ஆலோசகர்களும்